செம்மர வழக்குகளில் ஏற்றத்தாழ்வை எந்தத் தரவால் அளப்பது? எல்லைப்புற ஆய்வுக் குழுக்களுக்கு ஓர் ஒப்பீடு

சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகப் பிடிபட்டு, ஆந்திரச் சிறைகளில் விசாரணைக் கைதிகளாக இருக்கும் தமிழ்நாட்டுக் கூலிகளைப் பற்றி ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு எல்லைப் பகுதியில் குறைவில்லை. வேலூர், திருவண்ணாமலை, சித்தூர், திருப்பதிப் பக்கத்துச் சட்ட மாணவர்கள், சமூகப்பணித் துறையினர், மலைக் கிராமங்களில் வேலை செய்யும் சிறு அமைப்புகள் எனப் பலர் இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரிக்கு அருகே அதிரடிப் படையின் துப்பாக்கிச்சூட்டில் 20 பேர் இறந்த பிறகு இந்த ஆர்வம் கூடியது. ஆனால் எழுதப்பட்டதில் பெரும்பகுதி அந்த ஒரு நாளைச் சுற்றியே நிற்கிறது. கைது, ரிமாண்ட், ஜாமீன், மறுபடி கைது என்று சத்தமில்லாமல் சுழலும் அன்றாடத்தை எண்ணிப் பார்க்கும் வேலை இன்னும் நிறையக் கிடக்கிறது.

கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "தரவு எங்கே கிடைக்கும்?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: யாரோடு ஒப்பிடப் போகிறீர்கள்? ஜவ்வாது மலைக்காரர் ஒருவர் 140 நாள் உள்ளே இருந்தார் என்பது துயரம். அதை ஏற்றத்தாழ்வு என்று சொல்ல, அதே பிரிவில், அதே நீதிமன்றத்தில், அதே ஆண்டில் பிடிபட்ட, ஆந்திராவின் உள்ளூர்க்காரரான ரயில்வே கோடூர்க்காரர் எத்தனை நாளில் வெளியே வந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். தரவு மூலம் மாறினால் ஒப்பீட்டுக் குழுவும் மாறிவிடும். ஆகவே மூலத்தைத் தேர்ந்தெடுப்பது கேள்வியையே தேர்ந்தெடுப்பதுதான். மூன்று நான்கு பேர் கொண்ட குழு, ஆறு மாத அவகாசம், சொற்பப் பணம் என்று வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் ஐந்து வழிகளையும் இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரம்

இலவசம், உட்கார்ந்த இடத்தில் கிடைக்கும், ஒரே வாரத்தில் படித்து முடிக்கலாம். 2022 அறிக்கைப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு 75.8. சாதிப் பிரிவு, மதம், கல்வி, வயது, எத்தனை மாதமாக உள்ளே இருக்கிறார்கள், சொந்த மாநிலத்தவரா வெளிமாநிலத்தவரா என்பதெல்லாம் மாநில வாரியாக இருக்கும்.

எல்லை ஆய்வுக்கு இது உதவாமல் போவதற்குக் காரணம் அட்டவணைகள் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பதுதான். ஆந்திரச் சிறைகளில் வெளிமாநிலத்தவர் இத்தனை பேர், பழங்குடியினர் இத்தனை பேர் என்று தனித்தனியே தெரியும். வெளிமாநிலப் பழங்குடியினர் வனச் சட்டத்தில் எத்தனை பேர் என்பது தெரியாது. மேலும் இந்தப் பிரிப்புகள் டிசம்பர் 31 அன்று தலை எண்ணிய கணக்கு. மார்ச்சில் பிடிபட்டு ஜூலையில் வெளியேறியவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். ஒரு நாள் கணக்கில் நீண்ட காலம் இருப்பவர்கள்தாம் அதிகமாகத் தென்படுவார்கள். அதை வைத்துச் சராசரி சிறைக்காலம் சொன்னால் அது உண்மையைவிட நீண்டு தெரியக்கூடும்.

பழங்குடிப் பத்தியில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. பட்டியல் பழங்குடி என்பது மாநிலம் சார்ந்த அடையாளம். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை மக்களில் பெரும்பாலோர் சேர்ந்த மலையாளி பழங்குடி, தமிழ்நாட்டுப் பட்டியலில் மிகப் பெரிய சமூகம். 2011 கணக்கெடுப்பில் சுமார் 3.58 லட்சம் பேர். ஆந்திரப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. போதாததற்கு அவர்கள் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்வது வழக்கம். சிறை எழுத்தர் அதைப் பார்த்து 'இதர பிற்படுத்தப்பட்டோர்' என்றோ 'மற்றவர்' என்றோ எழுதினால் யாரும் திருத்தப் போவதில்லை. இந்த மூலத்தை அறிமுகப் பத்தி ஒன்றுக்குப் பயன்படுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்

பல குழுக்கள் இங்கேதான் தொடங்குகின்றன. ஆறு மாதத்தில் நான்கைத் தொலைப்பதும் இங்கேதான். கணக்குப் பாருங்கள்: பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதை முடிக்க 30 முதல் 45 நாள், அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் எப்போது எடுக்கும் என்பதற்குச் சட்டத்தில் கெடு இல்லை.

கேட்பதிலும் பக்குவம் வேண்டும். "தமிழர்கள் எத்தனை பேர் சிறையில்?" என்று கேட்டால், அப்படித் தொகுத்து வைக்கவில்லை என்று ஒரு வரியில் பதில் வரும். கையில் இல்லாத வடிவத்தில் தகவலைத் தயாரித்துத் தரும் கடமை அலுவலருக்கு இல்லை. இருக்கும் பதிவேட்டின் வடிவத்திலேயே கேட்க வேண்டும்: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இந்தச் சிறையில், 1967 ஆந்திர வனச் சட்டத்தின் 20, 29 பிரிவுகளில் அனுமதிக்கப்பட்ட விசாரணைக் கைதிகள், மாத வாரியாக, சொந்த மாநிலம் / வெளிமாநிலம். கடப்பா மத்திய சிறை, நெல்லூர் மத்திய சிறை, சித்தூர் மாவட்டச் சிறை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மனு. எண்ணிக்கை தர மறுத்தால், பதிவேட்டைப் பார்வையிடும் உரிமையைக் கேட்கலாம்.

கட்டணம் 10 ரூபாய்தான், ஆனால் தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி ஆந்திராவுக்கு அனுப்பினால் மனு திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. போஸ்டல் ஆர்டர் எடுத்து அனுப்புங்கள். மனுவைத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். பெயர், முகவரி, நோய் விவரம் கேட்காதீர்கள்; தனிநபர் தகவல் விலக்கு ஏற்கெனவே இருந்தது, 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை இன்னும் இறுக்கிவிட்டது. சாதியைச் சிறைப் பதிவேட்டிலிருந்து எடுக்கலாம் என்ற திட்டமும் இனி நம்பத்தக்கதல்ல. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பதற்கு எதிரான வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் கைதிப் பதிவேடுகளின் சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. கைதிகளின் கண்ணியத்துக்கு அந்தத் தீர்ப்பு அவசியமானது. ஆய்வாளர் சாதியை வேறு இடத்தில் தேட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வழியின் சரியான பயன் ஒன்றே: பகுதி எண் தெரிந்த பிறகு அதன் மொத்தம் தெரிய வேண்டும் அல்லவா, அந்த மொத்தத்தைத் தருவது. முதல் வாரத்தில் மனுக்களைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். வந்தால் பிற்சேர்க்கையில் போடலாம்.

நீதிமன்ற ஆவணங்கள்

ஒப்பீட்டுக் குழு தானாகவே அமைந்து கிடக்கும் ஒரே மூலம் இது. ஒரே நீதிமன்றத்தின் வழக்குப் பட்டியலில் உள்ளூர்க்காரரும் வெளிமாநிலத்தவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். சட்டப் பிரிவு, தேதி, ஜாமீன் நிபந்தனை எல்லாம் எழுத்தில் இருக்கிறது. திருப்பதியில் செம்மர வழக்குகளுக்கென்றே நீதிமன்றம் இருப்பதால் தேடல் இன்னும் சுருங்குகிறது.

இ-கோர்ட்ஸ் தளத்தில் காவல் நிலையம், எஃப்ஐஆர் எண், ஆண்டு கொடுத்துத் தேடலாம். சட்டத்தின் பெயரைக் கொடுத்தும் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சிஎன்ஆர் எண் உண்டு. உங்கள் அட்டவணையின் முதல் பத்தி அதுவாக இருக்கட்டும். ஒவ்வொரு தேடலுக்கும் படத்திலுள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால் ஒரு ஆள் நாளொன்றுக்கு 25 முதல் 30 வழக்குகளுக்கு மேல் பதிவு செய்வார் என்று திட்டமிடாதீர்கள். காவல் நிலையத்தில் பதிவாகாமல் வனச்சரக அலுவலகத்தின் குற்ற அறிக்கையிலிருந்தே நேராக நீதிமன்றம் வரும் வழக்குகளும் உண்டு. எஃப்ஐஆர் வழியாக மட்டும் தேடினால் அவை முழுதாகத் தப்பிவிடும். சட்டப் பெயர் வழித் தேடலையும் சேர்த்துச் செய்து, இரண்டு பட்டியலையும் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

எதைப் பதிவு செய்வது என்பதில்தான் ஆய்வின் தரம் இருக்கிறது. கைதான நாள், ரிமாண்ட் நாள், குற்றப்பத்திரிகை தாக்கல் நாள், முதல் ஜாமீன் மனு நாள், ஜாமீன் உத்தரவு நாள், எத்தனை ஜாமீன்தாரர், எவ்வளவு தொகை, உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்கப்பட்டாரா, வக்கீல் சட்ட உதவியா தனியாரா. இவற்றோடு கொலை முயற்சிப் பிரிவு சேர்க்கப்பட்டதா என்பதைக் கட்டாயம் குறியுங்கள். திருட்டு மட்டும் என்றால் குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் கெடு; கொலை முயற்சி சேர்ந்தால் அது 90 நாள் ஆகலாம். அந்த ஒரு பிரிவே ஒரு மாதச் சிறையைக் கூட்டிவிடக்கூடும். காட்டில் கல்லெறிந்தார்கள், கோடரியை ஓங்கினார்கள் என்ற வரி உள்ளூர்க்காரர் வழக்குகளைவிடத் தமிழ்நாட்டுக்காரர் வழக்குகளில் அதிகமாக வருகிறதா? எங்களைக் கேட்டால் இந்தத் துறையில் கேட்கத் தக்க முதல் கேள்வி இதுதான். விடை எந்தப் பக்கம் வந்தாலும் பயனுள்ளது. 2024 ஜூலை 1க்குப் பிந்தைய வழக்குகளில் பிரிவு எண்கள் மாறியிருக்கும்: இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 379 (திருட்டு) இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 303, பழைய 307 (கொலை முயற்சி) இப்போது 109. இரண்டையும் ஒரே குறியீட்டில் சேர்க்காவிட்டால் அந்தத் தேதியில் குற்றமே மாறிவிட்டது போலத் தெரியும்.

கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை பிறக்கிறது. ஆனால் அது மனுப் போட்டால்தான் கிடைக்கும். 61ஆம் நாளிலோ 91ஆம் நாளிலோ மனுப் போட வக்கீல் இருந்தாரா என்பது ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் உள்ள வித்தியாசத்தைத் துல்லியமாகக் காட்டும் அளவுகோல். தாளில் தெரியும் இன்னொரு விஷயம் மொழி. ஆந்திர வழக்குகளில் கைப்பற்றல் மகஜரும் (பறிமுதல் பதிவு) வாக்குமூலமும் கிராம வருவாய் அலுவலர்கள் போன்றோரை மத்தியஸ்தர்களாக, அதாவது சாட்சிகளாக, வைத்துத் தெலுங்கில் எழுதப்படும். தெலுங்கு தெரியாதவருக்கு அது தமிழில் படித்துக் காட்டப்பட்டதா, காட்டியவர் பெயர் இருக்கிறதா என்று ஆம் / இல்லை / குறிப்பில்லை என மூன்றாகப் பிரித்துப் பதியுங்கள். 'குறிப்பில்லை' என்பதை 'இல்லை' என்று மாற்றிவிடாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் குத்துவது அங்கேதான்.

இந்த வேலைக்கு எல்லைக்காரர்களைவிடப் பொருத்தமானவர் கிடையாது. நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர், இந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, திருத்தணி, குடியாத்தம் என்று வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி பேசி வளர்ந்த பிள்ளைகள், சென்னையிலிருந்து வருகிற ஆய்வாளர் மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒரு நாள் படிக்கும் மகஜரை அரை மணியில் படித்துவிடுவார்கள்.

தவறுகள் எங்கே வரும்? பெயர்களில். வடக்கே குடும்பப் பெயரை வைத்துச் சாதியை ஊகிக்கும் ஆய்வுமுறை உண்டு. இங்கே தந்தை பெயரின் முதலெழுத்துதான், அந்த முறை செல்லாது. தெலுங்கில் எழுதி ஆங்கிலத்துக்குப் போன பெயர் ஒரே ஆளுக்கு மூன்று விதமாக வரும். ஒருவரை இன்னொரு வழக்கில் அடையாளம் காண பெயர், தந்தை பெயர், ஊர், வயது ஆகிய நான்கையும் சேர்த்துப் பாருங்கள். வயதில் மூன்று ஆண்டு வித்தியாசம் விடுங்கள், ஏனென்றால் 30, 35, 40 என்று முழு எண்ணாக எழுதுவதுதான் வழக்கம். நான்கில் மூன்று பொருந்தினால் இரண்டாவது ஆள் ஒருவர் தனியே சரிபார்க்கட்டும்.

மாவட்டமும் காலை வாரும். 2015 ஆவணத்தில் வேலூர் மாவட்டம் என்றிருக்கும் ஊர் 2019 பிரிப்புக்குப் பிறகு திருப்பத்தூரிலோ ராணிப்பேட்டையிலோ இருக்கலாம். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி பிரிந்தது, அன்னமய்யா மாவட்டமும் உருவானது. ஊர், வட்டம் இரண்டையும் பதிந்துகொண்டு மாவட்டத்தைக் கடைசியில் நீங்களே நிரப்புங்கள்.

அலகு எது என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். 2013 டிசம்பரில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 280க்கும் மேற்பட்டவர்கள் 2016இல் திருப்பதியில் விடுதலையானார்கள். அப்படி ஒரு வழக்கு உங்கள் 200 வழக்குகளுக்குள் விழுந்தால், ஆட்களை எண்ணும் எந்தச் சதவீதமும் அந்த ஒரே வழக்கின் கதையைத்தான் சொல்லும். ஒரு வழக்கிலிருந்து அதிகபட்சம் ஐந்து பேரைக் குலுக்கல் முறையில் எடுப்பது எளிய பரிகாரம்.

இவ்வளவும் செய்த பிறகும் நீதிமன்றத் தாளில் தெரியாத ஒன்று உண்டு: எந்த நாள் அவர் சிறை வாசலைத் தாண்டினார் என்பது. ஜாமீன் உத்தரவு ஒரு தேதி, ஜாமீன்தாரர் கிடைத்த தேதி வேறு. ஜாமீன் மனுவுக்குத் தனி எண் என்பதால் சில நேரம் உத்தரவையே மூல வழக்கோடு இணைக்க முடியாது. வெளியே வருகிற அன்றைக்கே இன்னொரு வழக்கில் பிடி வாரண்ட் வந்து உள்ளேயே நிறுத்தி வைப்பதும் இந்த வழக்குகளில் சகஜம். ஒரு வழக்குக்கு மேல் நிலுவையில் இருந்தால், தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கழிந்தால் ஜாமீன் என்ற, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவுச் சலுகையும் கிடைப்பதில்லை. எனவே வழக்கை மட்டும் பார்த்தால் விடுதலை, ஆளைப் பார்த்தால் இன்னும் சிறை.

கிராம வீட்டுக் கணக்கெடுப்பு

அந்த வாசல் தாண்டிய தேதியும், அதற்கு ஆன செலவும், வீட்டில் விழுந்த அடியும் ஜமுனாமரத்தூர் மலைக் கிராமங்களில்தான் கிடைக்கும். உடல்நலம் பற்றிய கேள்வி உங்களுக்கு முக்கியமென்றால் வேறு வழியே இல்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு வீட்டில் யாராவது சிறையில் இருக்கிறார்களா என்று கேட்பதில்லை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்புகள் சிறைகளுக்குள் போவதில்லை. சிறையும் நோயும் எங்கே சந்திக்கின்றன என்பது அரசின் பெரிய தரவுகளில் விழாத இடம்.

இங்கே ஒப்பீட்டுக் குழுவை நீங்கள்தான் உருவாக்க வேண்டும், வில்லங்கம் அதில்தான். பாதிக்கப்பட்ட வீட்டுக்குப் பக்கத்து வீட்டை எடுத்தால் ஊரும் சாதியும் நிலமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஆனால் மரம் வெட்டப் போன வீடு முன்பே கடனில் இருந்திருக்கும். கைதுக்குப் பின் இருக்கும் கடனைக் கைதின் விளைவு என்று எழுதிவிட்டால் தவறு. கைதுக்கு ஓராண்டு முன் கடன் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி என்று தனியாகக் கேளுங்கள். ஆண்டு நினைவில் இருக்காது. சாமை அறுப்புக்கு முன்னா பின்னா, ஆடியா தையா, எந்தத் தேர்தலுக்கு முன் என்று கேட்டால் மாத அளவுக்குச் சரியாக வரும்.

எத்தனை வீடு வேண்டும்? பாதிக்கப்பட்ட வீடுகளில் 60 சதவீதம், மற்றவற்றில் 40 சதவீதம் என்ற அளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, வழக்கமான 5 சதவீதத் தவறு வாய்ப்பும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்வது) 80 சதவீதத் திறனும் (இருக்கும் வித்தியாசத்தைப் பிடிப்பது) வைத்தால், ஒவ்வொரு குழுவிலும் சுமார் 95 வீடு. வித்தியாசம் 50க்கும் 40க்கும்தான் என்றால் சுமார் 385. ஒரே குக்கிராமத்தில் பல வீடு எடுப்பதால் இதை ஒன்றரை மடங்காக்க வேண்டும்: 95 என்பது 143 ஆகும். வீடுகள் சிதறிக் கிடக்கும் மலையில் இருவர் கொண்ட அணி நாளொன்றுக்கு நான்கைந்து வீடுதான் முடிக்கும். ஆண்கள் காபித் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் போயிருக்கும் மாதங்களைத் தவிருங்கள். பொங்கலை ஒட்டிய வாரங்கள் நல்லவை. அணியில் ஒரு பெண் கட்டாயம். வழக்குக்கு அலைந்தவர் பெரும்பாலும் மனைவியாகவோ தாயாகவோ இருப்பார், அவரே நல்ல தகவலாளர்.

நீதிமன்ற ஆவணத்திலிருந்து முகவரி எடுத்து நேராக வீட்டுக் கதவைத் தட்டுவது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் செய்யக் கூடாது. ஊருக்கு முன்னால் அந்த வீட்டை அடையாளம் காட்டிவிடுவீர்கள். ஆவணங்களில் மூன்றுக்கு மேல் முகவரி வரும் குக்கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே எல்லா வீடுகளுக்கும் போய் ஒரே வடிகட்டிக் கேள்வி கேளுங்கள்: கடந்த ஐந்தாண்டில் இந்த வீட்டில் யாராவது 30 நாளுக்கு மேல் வீட்டில் இல்லாமல் இருந்தார்களா, வேலைக்கா, படிப்புக்கா, ஆஸ்பத்திரிக்கா, வழக்குக்கா? நாலாவது பதிலைச் சொல்ல மற்ற மூன்றும் வழி விடும். மரம் வெட்டினாரா என்று ஒருபோதும் கேட்காதீர்கள், ஆள் கூட்டிப்போன மேஸ்திரி பெயரையும் ஏஜென்ட் பெயரையும் சொன்னாலும் எழுதாதீர்கள். ஆய்வுக் குறிப்பேட்டைக் காவல்துறை கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல இந்தியச் சட்டம் உங்களுக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் தருவதில்லை. எழுதாதது ஒன்றுதான் பாதுகாப்பு.

நேரடியாகக் கேட்காமல் பட்டியல் முறையில் கேட்கலாம், அதாவது ஒரு குழுவுக்கு நான்கு வாக்கியம், மறு குழுவுக்கு அதே நான்கோடு உறுத்தலான ஐந்தாவது, எத்தனை உங்களுக்குப் பொருந்தும் என்று எண்ணிக்கை மட்டும் சொன்னால் போதும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தாளில் அழகான முறை. ஆனால் குழுவுக்கு 150 பேர் வைத்தால் பிழை வரம்பு ஏறக்குறைய 23 சதவீதப் புள்ளி இரு பக்கமும் வரும். 15 சதவீதம் என்று விடை கிடைத்தால் உண்மை பூஜ்யமாகவும் இருக்கலாம், 38 ஆகவும் இருக்கலாம். ஆயிரக்கணக்கில் மாதிரி இல்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

உடல்நலப் பகுதியில் அதிகம் நடக்கும் தவறு, மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9 கேள்விகளை எடுத்து அப்படியே வைப்பது. அது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி மட்டும் கேட்கிறது. மூன்றாண்டு முன் வெளியே வந்தவரிடம் கேட்டு, சிறையால் வந்த சோர்வு என்று எழுத முடியாது. இப்போது உள்ளே ஒருவர் இருக்கும் வீடுகளுக்கும், அப்படி இல்லாத வீடுகளுக்கும் மட்டும் அதை வையுங்கள். மொத்தம் 27இல் 10 அல்லது அதற்கு மேல் என்பது பொதுவான வரம்பு. ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. ஆம் என்று பதில் வந்தால் கேட்டவர் அடுத்த வீட்டுக்கு நகரக் கூடாது. டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர், இலவச சட்ட உதவி எண் 15100 மூன்றும் அச்சிட்ட சீட்டு ஒவ்வொரு வீட்டிலும் கொடுக்கப்பட வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் சட்ட உதவி உண்டு என்பதே பல வீடுகளுக்குப் புதுச் செய்தியாக இருக்கும். திரும்பி வந்தவரிடம் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்ததா, சிறையில் சளிப் பரிசோதனை நடந்ததா என்று கேட்பது எளிது. நினைவில் நிற்கும் கேள்வியும்கூட.

ஜாமீன் பற்றிய கேள்விகளைத் தொகையோடு நிறுத்தாதீர்கள். 1978இல் மோதிராம் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வெளியூரில் பிடிபட்ட ஏழையிடம் உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பதைக் கடுமையாகச் சாடினார். தன் மாநிலத்துக்கு வெளியே கைதாகும் தமிழரும் கேரளத்து மலையாளியும் என்ன செய்வார்கள் என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார். 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைத் தவிர்க்கச் சொன்னது. நடைமுறையில் என்ன ஆகிறது? வன உரிமைச் சட்டப்படி வந்த பட்டா விற்கவோ மாற்றவோ முடியாதது, அதை ஜாமீனுக்குப் பெறுமானமாகக் காட்டுவது கடினம். ஆகவே ஜாமீன்தாரர் யார், எந்த ஊர், பணம் கொடுத்து ஏற்பாடு செய்தவரா, எவ்வளவு, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வரிசையாகக் கேளுங்கள். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் விசாரணைக் கைதிக்கு ஜாமீனுக்காகப் பண உதவி தரலாம். அது யாருக்காவது வந்ததா என்பதும் ஒரு கேள்வி. வக்கீலை ஏஜென்ட்டே ஏற்பாடு செய்தாரா என்று கேட்க ஆசை வரும். வேண்டாம், பதிலே ஒருவரை வழக்கில் மாட்டிவிடக்கூடியது.

சாதியை மூன்று தனிக் கேள்விகளாகப் பிரியுங்கள்: அவர்கள் சொல்லும் சமூகம், கையில் சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, ஆவணத்தில் என்ன எழுதப்பட்டது. இந்த மூன்றும் பொருந்தாத இடங்களே அடையாளம் பற்றிய உங்கள் கண்டுபிடிப்பு.

சிறைக்குள் நேர்காணல்

முதல் ஆய்வுக்கு இதை எடுக்காதீர்கள். சிறைத்துறைத் தலைமையின் அனுமதி வேண்டும், ஆய்வாளர்கள் சிறைக்குள் நுழைவது பற்றி 2015இல் உள்துறை அமைச்சகம் அனுப்பிய வழிகாட்டுதல் கடுமையானது, கேட்டு எழுதியதை அதிகாரிகள் பார்ப்பார்கள். வார்டர் காதில் விழும் தூரத்தில் சிகிச்சை கிடைக்கிறதா என்று கேட்டால் கிடைக்கும் பதில் தரவு ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் கைதிகளைப் பலவீனமான நிலையில் உள்ளவர்களாகக் கருதுகின்றன. மறுக்கும் சுதந்திரம் இல்லாதவரிடம் வாங்கும் சம்மதம் எவ்வளவு பெறும் என்பது நெறிக்குழுவின் முதல் கேள்வியாக இருக்கும். அதே ஆட்கள் வெளியே வந்த பின் மலையில் சுதந்திரமாகப் பேசுவார்கள்.

எதைப் பிடிப்பது

ஆறு மாதமும் நான்கு பேரும் இருந்தால் நீதிமன்ற ஆவணம் முதுகெலும்பு, கிராமக் கணக்கெடுப்பு அதன் சதை. 200 வழக்கு, ஒரு வழக்குக்கு அதிகபட்சம் ஐந்து பேர், உள்ளூர்க்காரரும் வெளிமாநிலத்தவரும் என இரு குழு. கைது முதல் ஜாமீன் உத்தரவு வரையான நாட்களைச் சராசரியாக அன்றி இடைநிலையாக (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) சொல்லுங்கள், இன்னும் வெளியே வராதவர்களைக் கணக்கிலிருந்து தூக்கி எறியாமல் 'இதுவரை இத்தனை நாள்' என்று வைத்துக்கொள்ளும் உயிர்பிழைப்பு முறையைப் பயன்படுத்துங்கள். பிறகு 60 வீடு மட்டும் கிராமத்தில். புள்ளிவிவர வித்தியாசம் நிரூபிக்க 60 போதாது, அதற்காக அவை இல்லை. உத்தரவுக்கும் வாசலுக்கும் இடையே எத்தனை நாள் ஓடியது, ஏன் என்பதற்காக.

கேள்வி உடல்நலம்தான் என்றால் தலைகீழாக்குங்கள். 290 வீடு கிராமத்தில், ஆவணம் குக்கிராமங்களைத் தேர்ந்தெடுக்க மட்டும். குழுவில் தெலுங்கு படிப்பவர் ஒருவர்கூட இல்லையென்றாலும் இதையே செய்யுங்கள். தமிழாக்கம் செய்து வாங்கும் மகஜரை நம்பிக் குறியீடு போட முடியாது. மாறாக இருவர் மட்டுமே, மூன்று மாதமே என்றால் கிராமத்தை விட்டுவிட்டு ஒரே நீதிமன்றம், ஒரே கேள்வி: கொலை முயற்சிப் பிரிவு யார் மேல் ஏறுகிறது. 100 வழக்கில் அதைச் சுத்தமாகச் செய்த ஆய்வு, எல்லாவற்றையும் தொட்டு எதையும் முடிக்காத பெரிய அறிக்கையைவிட எங்களுக்கு உசத்தி.

எப்படியானாலும் முதல் வாரத்தில் ஒரு சோதனை வையுங்கள். ஏதாவது 20 வழக்கைத் தளத்தில் எடுத்து, கைதான நாள், ஜாமீன் உத்தரவு நாள், குற்றம் சாட்டப்பட்டவரின் ஊர் மூன்றும் கிடைக்கிறதா என்று பாருங்கள். 12 வழக்கிலோ அதற்கு மேலோ மூன்றும் இருந்தால் ஆவண வழியில் போகலாம். 12க்குக் கீழே என்றால் நீதிமன்ற நகல் பிரிவுக்குத்தான் போக வேண்டும். வழக்கில் தொடர்பில்லாதவர் நகல் கேட்க மனுவும் காரணமும் வேண்டும், அதற்கு ஆந்திரத்தில் பதிவான வக்கீல் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், வழக்குக்கு இரண்டு மூன்று வாரம் சேர்த்துத் திட்டமிடுங்கள்.